டீயை மட்டும் கொடுங்கள், அண்ணே

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் டீக்கடையும் பெட்டிக்கடையும் நடத்துகிற அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம். நான் ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட கல், போடுகிறவன். கல் ஏற்றிக்கொண்டு இந்த வட்டாரம் முழுக்கப் போய் வந்ததில், உங்களில் பல பேர் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். 22 வருஷம் சிகரெட் பிடித்தேன். விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷத்துக்கு நன்றி சொல்ல வேண்டிய ஆட்களில் முதல் ஆள் ஒரு டீக்கடைக்காரர். அதற்கு முன்னால் இரண்டு தடவை நான் விட்டு, திரும்பவும் தொட்டதும் டீக்கடையில்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் வேலையில் கை எப்போதும் ஈரமாக இருக்கும். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சை இறக்கி, கட்டம் கட்டமாகக் கலர்க் கலவையை ஊற்றுவோம். அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு மட்டம் பார்ப்போம். காலை ஏழரைக்கு உட்கார்ந்தால் பத்தரை வரை தலை நிமிராது. அந்த மூன்று மணி நேரமும் எனக்கு சிகரெட் ஞாபகமே வராது. பத்தரைக்குத் தொட்டியில் கையைக் கழுவுவேன். விரலிடுக்கில் இருக்கிற சிவப்புக் கலர் கரைந்து ஓடும். அந்தத் தண்ணீர் கையில் பட்டதும் தொண்டை கேட்க ஆரம்பித்துவிடும்.

இதை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். நிக்கோட்டின் ரத்தத்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உடம்புதான் கேட்கிறது என்றால் ஒன்பதரைக்கே கேட்டிருக்க வேண்டும். ராத்திரி ஏழு மணி நேரம் தூங்குகிறோமே, யாராவது நடுச்சாமத்தில் எழுந்து தம் தேடுகிறோமா? ஒரு சிலர் தேடலாம். பெரும்பாலோர் காலையில் டீ கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் தேடுகிறோம். கை கழுவுவது, டீ வாசனை, சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் திண்ணை, பஸ்ஸுக்கு நிற்கிற நேரம், இவையெல்லாம் ஒவ்வொரு மணி மாதிரி. மணி அடித்தால் மனசு எழுந்து நிற்கிறது. இழுத்த புகை பத்து இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. அவ்வளவு சீக்கிரம் பலன் கிடைப்பதால், டீயையும் தம்மையும் மூளை ஒரே முடிச்சாகப் போட்டு வைத்துக்கொள்கிறது. 22 வருஷம், ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை அந்த முடிச்சை நானே இறுக்கியிருக்கிறேன்.

இப்போது உங்களுக்கே நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க மாலை போடுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறீர்கள். முந்தின நாள் வரை பாக்கெட் பாக்கெட்டாக ஊதியவன், மாலை கழுத்தில் ஏறியதும் ஒரு மண்டலம், 48 நாள், தொடாமல் இருக்கிறான். நானும் இருந்தேன். முதல் மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும் வந்தன, வீட்டில் எல்லோரிடமும் சள்ளென்று விழுந்தேன். அப்புறம் படிப்படியாகத் தணிந்தது. குன்றக்குடி தாண்டி, சிங்கம்புணரி தாண்டி நடக்கும்போது பக்கத்தில் யாரோ பற்ற வைத்த வாசனைகூட என்னை அசைக்கவில்லை. உடம்பின் பாக்கி பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் தீர்ந்துவிடும். ஆக, மாலையைக் கழற்றுகிற அன்றைக்கு உடம்பு கேட்பது கொஞ்சம்தான். பிறகு ஏன் அன்றைக்கே பற்ற வைக்கிறோம்?

இஸ்ரேலில் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் புகை பிடிக்கிற விமானப் பணியாளர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து 2010இல் வெளியிட்டார்கள். அவர்கள் மூன்று முதல் ஐந்தரை மணி நேரம் பறக்கிற நாளிலும், பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் பறக்கிற நாளிலும், ஆசை எவ்வளவு இருக்கிறது என்று நேரத்துக்கு நேரம் கேட்டுக் குறித்தார்கள். குறுகிய பயணம் முடிகிற நேரத்தில் ஆசை உச்சத்துக்குப் போனது. நீண்ட பயணத்தில் அதே அளவு நேரம் கழிந்திருந்தும் ஆசை அவ்வளவு இல்லை. அங்கேயும் இறங்கப் போகிற நேரத்தில்தான் ஏறியது. எத்தனை மணி நேரம் பிடிக்கவில்லை என்பதைவிட, இன்னும் கொஞ்ச நேரத்தில் பிடிக்கலாம் என்ற நினைப்புதான் ஆசையைக் கிளப்புகிறது.

இதைப் படித்தபோது என் மாலை ஞாபகம் வந்தது. 40ஆம் நாளுக்கு மேல் நான் நாள் எண்ண ஆரம்பித்திருந்தேன். இறங்கப் போகிற விமானத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பழனியிலிருந்து திரும்பி, மாலையைக் கழற்றிவிட்டு வழக்கமான கடைக்குப் போனேன். கூரைக் கம்பில் கட்டிய கயிறு நுனியில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. கடைக்காரர் என் கழுத்தைப் பார்த்தார். "மாலை கழட்டியாச்சா? இந்தாங்க," என்று கிளாஸை வைத்தார். பக்கத்தில் ஒரு சிகரெட்டையும் வைத்தார். நான் கேட்கவில்லை. காசும் வாங்கவில்லை. அன்பாகத்தான் கொடுத்தார், அதில் சந்தேகமே இல்லை. நானும் கயிற்றில் பற்ற வைத்தேன். சாயங்காலத்துக்குள் ஐந்து ஆகிவிட்டது. மறு வருஷமும் இதே கதைதான்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 48 நாள் என்னைக் காப்பாற்றியது மாலை மட்டுமில்லை, நீங்களும்தான். மாலை போட்டவனுக்கு எந்தக் கடைக்காரரும் சிகரெட் நீட்டுவதில்லை. அவன் தடுமாறிக் கேட்டாலும், "சாமி, வேண்டாம்" என்பீர்கள். பெஞ்சில் இருப்பவன்கூடப் புகையை அந்தப் பக்கம் திருப்பி விடுவான். ஊரே சேர்ந்து வழியை அடைத்தது, ஆசையும் அடங்கியது. மாலை இறங்கிய நிமிஷத்தில் ஊரே சேர்ந்து வழியைத் திறந்துவிட்டது.

மூன்றாவது தடவை நான் மாலை போடவில்லை. ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டீக்கடை. அந்த அண்ணனிடம் போய், "அண்ணே, நான் மாலை போடலை. ஆனா போட்ட மாதிரியே வச்சுக்கங்க. எனக்கு டீ மட்டும்தான்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சரி சாமி," என்றார். அன்றையிலிருந்து மாலை இல்லாத என்னைச் சாமி என்றே கூப்பிட்டார். நான் உட்காருகிற இடத்தைக் கயிறு தெரியாத பக்கமாக மாற்றிக்கொடுத்தார். ஆசை பொங்கி வந்தால் பெரும்பாலும் சில நிமிஷத்தில் தணிந்துவிடும், ஒரு டீ ஆற்றிக் குடிக்கிற நேரம்தான். அந்த நேரத்துக்கு அவர் ஏதாவது பேச்சுக் கொடுப்பார்.

ஐந்தாம் மாதம் ஒரு துக்க வீட்டில் தவறினேன். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது யாரோ நீட்டினார்கள், வாங்கிவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. விரதம் கெட்டது, இனிமேல் என்ன, ஒரு பாக்கெட்டே வாங்கிவிடலாம் என்று ஓடியது புத்தி. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். தவறிப் பிடித்த ஒன்றைவிட, "எல்லாம் போச்சு, நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற நினைப்புதான் ஆளைப் பழைய குழியில் தள்ளுகிறது என்கிறார். காலையில் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "சரி, நேத்து நேத்தோட போச்சு. இன்னைக்கு டீ மட்டும்தானே?" என்று கிளாஸை நீட்டினார். எந்த ஆஸ்பத்திரியிலும் எனக்கு அதைவிட நல்ல மருந்து கிடைத்திருக்காது.

கடைக்கு வாடகை இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். சிகரெட்டில் வருகிற சில்லறையை இன்றைக்கே விடுங்கள் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. டீக்கடையில் புகை பிடிக்கக் கூடாது, 200 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்வதும், 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கேட்பது கை வேலை. கேட்காத ஆளுக்கு டீயோடு சிகரெட்டைச் சேர்த்து வைக்காதீர்கள். கயிற்றை பெஞ்சுக்கு எதிரே தொங்கவிடாமல் பின்பக்கம் கட்டுங்கள். ஒருவன் விட்டுவிட்டேன் என்றால் "எத்தனை நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை அவனை நாள் எண்ண வைத்துவிடும்.

இன்னொன்று. பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்கிறது. விட நினைப்பவர்கள் கூப்பிடுவதற்கு 1800 112 356 என்ற இலவச எண்ணும் 2018 முதல் அதில் அச்சாகி வருகிறது. ஒன்று ஒன்றாக வாங்குகிறவன் அந்தப் பாக்கெட்டைக் கையில் தொடுவதே இல்லை. அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி, டீ பாய்லர் பக்கத்தில் மாட்டி வையுங்கள். ஒருவர் விட்டால் அது அவரோடு நின்றுவிடாது. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 1971 முதல் 2003 வரை சுமார் 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஜனங்கள் தனித்தனியாக விடாமல் கூட்டம் கூட்டமாகவே விட்டிருந்தார்கள். எங்கள் பெஞ்சில் இருந்த ஆறு பேரில் இப்போது மூன்று பேர் டீ மட்டும் குடிக்கிறோம்.

தைப்பூசம் முடிந்து பழனியிலிருந்து ஆட்கள் திரும்பி வருவார்கள். கால் வெடித்து, முகம் கறுத்து, மாலை இல்லாத கழுத்தோடு உங்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அன்றைக்கும் அவர்களைச் சாமி என்றே கூப்பிடுங்கள். டீயை மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆத்தங்குடியிலிருந்து ஒரு பூக்கல் தொழிலாளி