காதுக் கட்டி நோயாளிகளுக்கு மலையிலேயே பயிற்சி

ஐயா,

என் அக்காவுக்குக் காது நரம்பில் கட்டி, புற்றுநோய் அல்ல. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்தக் காது கேட்காமல் போகலாம், முகம் ஒரு பக்கம் தளரலாம் என்று முன்கூட்டியே யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. கண் முழுதாக மூடாததால் தினமும் இரவில் களிம்பு போட்டு, இமையை டேப் ஒட்டி மூடுகிறோம். விட்டால் கருவிழி புண்ணாகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் இதையெல்லாம் தமிழில் எழுதித் தர வேண்டும். மூக்கில் தெளிந்த நீர் ஒழுகினால், அது மூளையைச் சுற்றியுள்ள நீரின் கசிவாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்பதையும்தான்.

அப்புறம், சிகிச்சைக்குப் பின் தள்ளாடாமல் நடக்க உதவும் சமநிலைப் பயிற்சிக்காக அக்கா ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சேலம் இறங்குவதற்குள் தலைசுற்றலில் துவண்டுபோகிறார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. இந்தப் பயிற்சியையும் அதில் சேர்த்து மலைக் கிராமங்களுக்கு அனுப்ப மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகி, ஏற்காடு