எந்த மன்றோ என்று பார்த்துவிட்டு அச்சடியுங்கள்

போட்டித் தேர்வுக் கையேடு வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய கையேட்டில், ரயத்துவாரி முறையை, அதாவது விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் முறையை, கொண்டுவந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை ‘ஹெக்டர் மன்றோ’. போன பதிப்பிலும் அதேதான். கடிதம் போட்டேன், பதில் இல்லை.

நான் மாலையில் குரூப் 4 பிள்ளைகளுக்கு வரலாறு எடுப்பவன். சென்ற வாரம் ஒரு மாணவி தன் நோட்டில் ‘தாமஸ்’ என்று சரியாக எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘ஹெக்டர்’ என்று திருத்தியிருந்தாள். கேட்டால், “புக்குல அப்படித்தான் சார் இருக்கு” என்கிறாள். பகலெல்லாம் துணிக்கடையில் நின்றுவிட்டு வந்து படிக்கிற பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த ஒன்றரையில் எத்தனை பேர் முந்திவிடுவார்கள் என்று உங்களுக்கா தெரியாது?

மன்றோ என்பது ஸ்காட்லாந்தில் ஒரு குலப்பெயர், ஐயா. ஒரே ஆளின் பெயரல்ல. ஹெக்டர் 1764இல் பக்சாரில் வென்றவர். 1780இல் பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை மைசூரின் ஹைதர் அலியிடம் சிக்கி அழிந்தபோது, பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் இருந்தும் போய்ச் சேராமல், பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர். மறுவருடம் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். அந்தப் பெருமைக்கு, தன் ஊரில் ஃபைரிஷ் குன்றின் உச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயலில் ஒரு கல்வாசல் எழுப்பினார். இன்றும் நிற்கிறது. இதைக் கேள்வியாகப் போடுங்களேன், புண்ணியமாய்ப் போகும்.

ரயத்துவாரியைக் கொண்டுவந்த தாமஸ் வேறு. கிளாஸ்கோவில் 1761இல் பிறந்தவர். ஹைதரோடு நடந்த அந்தப் போரில் ஹெக்டரின் கீழேயே இளம் வீரனாக இருந்தவர். அப்புறம் சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலில் ஏழு வருடம் வரி நிர்வாகம், 1820இல் சென்னை மாகாண ஆளுநர், 1827இல் ஆந்திரத்தின் பத்திகொண்டாவில் காலராவில் மரணம். சென்னைத் தீவுத்திடல் அருகே அங்கவடியில்லாத குதிரைமேல் இருப்பவர் இவர்தான்.

கேரளத்தில் கொல்லம் பக்கத்து மன்றோதுருத்துத் தீவு இன்னொருவர் பெயரில், திருவிதாங்கூர் திவானாக இருந்த ஜான். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை ‘மன்றோ’ என்பது 1891இல் பட்டியலிட்ட ஹ்யூவால். 2013இல் நோபல் வாங்கிய எழுத்தாளர் ஆலிஸுக்கு அது கணவர் வழி வந்த பெயர். அடுத்த பதிப்பில் ரயத்துவாரியை ஆலிஸ் தலையில் கட்டிவிடுவீர்களோ என்றுகூட பயமாக இருக்கிறது. ‘திருத்திய பதிப்பு’ என்று அட்டையில் போடுகிறீர்கள், திருத்தியது விலையைத்தானே?

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: எந்த மன்றோ என்று பார்த்துவிட்டு, முன்பெயரைச் சரியாக அச்சடியுங்கள். கடைகளில் ஏற்கெனவே கிடக்கும் பிரதிகளுக்குள் ஒரு பிழைதிருத்தச் சீட்டு வையுங்கள். தேர்வுக்கு முன்பே செய்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்