டியூஷன் எடுப்பவரும் பியானோக் கலைஞர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் இசைத்துறை வேலைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பியானோ வாசிப்பவர்களைப் பற்றிச் சொல்லும்போது, மேடை அமையாதவர்கள் டியூஷன் எடுத்துப் பிழைக்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி. அதுதான் உறுத்தியது.

பியானோ மேதை ஷோபின் வாழ்நாள் முழுக்கப் பொது மேடையில் வாசித்ததே ஏறத்தாழ 30 தடவைதான். பாரிஸில் அவருக்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு டியூஷன். இன்னொரு பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்ட் 1847இல், 35 வயதில், காசுக்குக் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டார். அப்புறம் ஜெர்மனியில் வைமர் நகரில் பணம் வாங்காமலே பாடம் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவு தூரம் எதற்கு? மயிலாப்பூரில் இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நான் கற்றது பெரம்பூரில், ரயில்வே காலனிக்குப் பக்கத்தில் ஒரு மிஸ்ஸிடம். வாரநாள் மாலையில் பியானோ வகுப்பு, சனிக்கிழமை சர்ச் பாடகர் குழுவுக்கு, அதாவது கொயருக்கு, பிராக்டிஸ், ஞாயிறு ஆராதனை. வருஷத்துக்கு இரண்டு மூன்று கச்சேரியும் செய்வார். வயலின்காரர் தன் வயலினைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பியானோக்காரர் அங்கே இருப்பதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஒருமுறை ஓர் அரங்கில், அமுக்கிய கட்டை ஒன்று மேலே எழும்பவே இல்லை. மிஸ் வாசிப்பை நிறுத்தாமல், ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரலால் அதைக் கிளப்பிவிட்டுக்கொண்டே முடித்தார். கேட்டவர்கள் யாருக்கும் தெரியவில்லை; பக்கம் புரட்ட நின்ற எனக்குத்தான் வியர்த்தது.

அவர் வீட்டுப் பியானோவுக்குள் மழைக்காலம் முழுக்கச் சின்ன பல்பு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். கடல் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊதிக்கொள்ளும். உள்ளே கொஞ்சம் சூடு இருந்தால் ஈரம் அண்டாது. கரண்ட் பில் வந்தால் அங்கிள் முணுமுணுப்பார், ஆனால் பல்பை அணைக்க மாட்டார்.

கொயரில் எப்போதும் டெனருக்குத்தான், அதாவது ஆண்களின் மேல்குரலுக்குத்தான், பஞ்சம். பாதிப் பேர் ஹார்பர் ஷிப்ட். ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாதவர்களுக்கு, டோ, ரே, மி என்று எழுத்தில் குறிக்கும் டானிக் சோல்ஃபாவில் கைப்பட எழுதிக் கொடுப்பார். பிராக்டிஸில் அவர் இடது கை ஆண்களின் கீழ்க்குரலான பாஸ் வரியை வாசிக்கும், வலது கை காற்றில் தாளம் போடும், பெண்களின் கீழ்க்குரல் பாடும் ஆல்டோக்கள் எங்கே நுழைய வேண்டும் என்பதைத் தாடை காட்டும். டெனர் வரவில்லை என்றால் அதையும் அவரே பாடுவார் (சுமாராகத்தான்). மேடையில் வாசிக்கும்போதுகூட அவர் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது பல வீடுகளில் கீபோர்டுதான். தொடக்க கிரேடு தேர்வுகளுக்குச் சரி. ஆனால் கட்டையில் கனம் இல்லாததில் பழகிய விரல் நிஜப் பியானோவில் திணறும். அந்தப் பிள்ளைகளைத் தன் வீட்டுப் பியானோவில் உட்காரவைப்பதும் அதே டியூஷன் மிஸ்தான்.

அடுத்த முறை எழுதும்போது அப்படி ஒருவரையும் பேட்டி எடுத்துப் போடுங்கள். பெரம்பூர், ராயபுரம் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். காலையில் போங்கள், நாலு மணிக்கு மேல் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், பேச நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை – 13