கால் வளையம் உளவுக் கருவியன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலில் உலோக வளையம் அணிந்த பறவை எங்கேனும் அகப்பட்டால், அதை உளவுப் பறவை என்று ஐயுறும் போக்கு நம்மிடையே இன்னும் மறையாதது வேதனை அளிக்கிறது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பறவையியலாளர் சாலிம் அலியின் வழிகாட்டுதலில் 1959-இல் தொடங்கிய வலசை ஆய்வின் வழிவந்த பணியாக, கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. நிலவில்லாத இரவுகளில் சதுப்பின் குறுக்கே கட்டிய மெல்லிய வலையில் சிக்கும் உள்ளான் என்னும் சிறு கரைப் பறவைகளைக் காயமின்றி விடுவித்து, இறக்கை, அலகு, கால் ஆகியவற்றின் நீளத்தை அளந்து, எடை பார்த்து, இறகு உதிர்ந்து முளைக்கும் நிலையையும் குறித்துக்கொண்ட பின், எண் பொறித்த இலேசான வளையத்தை மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். கைக்குள் அடங்கும் கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராம்தான். அது முட்டையிடுவதோ ஆர்க்டிக் பகுதியின் மரங்களற்ற தூந்திர வெளியில்! அத்தனை தொலைவுக்குப் புறப்படுமுன் அது எவ்வளவு கொழுப்பைச் சேர்க்கிறது, அதற்கு நம் சதுப்பும் உப்பளமும் போதிய இரை தருகின்றனவா என்பதை எடைக் குறிப்புகளைக் கொண்டே அறிய முடியும். 2002-இல் ராம்சர் தகுதி, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ஏற்பு, பெற்ற இந்த ஈரநிலத்தைக் காக்க வாதிடுவோர்க்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை என்பது என் கருத்து.

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் வலசை வரத்து மிகும்போது, தங்கள் நாளிதழ் ஒரு சிறு அறிவிப்பை வெளியிட வேண்டுகிறேன். வளையமிட்ட பறவையைக் காணும் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் எண், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்துக் கழகத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்கலாம். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றலாகாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேதாரண்யம்.