வாசல் தேடி வந்த கண்காணிப்பு

ஆசிரியருக்கு,

பெருந்தொற்று ஆயத்தம் குறித்த தங்கள் தலையங்கம் படுக்கைகளையும் ஆக்சிஜன் இருப்பையும் பற்றியே பெரிதும் பேசுகிறது. நெரிசல் மிகுந்த நகரில் நோயை முதலில் தடுக்க வேண்டிய இடம் தெருதான். 2020-இல் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பரவியபோது, எங்கள் வளாகத்தில் ஒன்பது குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை, ஒரே அடிபம்பு. 'தனித்திருங்கள்' என்றால் எங்கே போவது? வீடு வீடாக வந்த மாநகராட்சிக் களப்பணியாளரான இளம்பெண் தினமும் காய்ச்சல் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். "ரசத்துல வாசனையே இல்லம்மா" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதும், அன்றே தெருமுனைக் காய்ச்சல் முகாமுக்கு அழைத்துச் சென்றார். பாட்டி பிழைத்தார்.

தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட அத்தகையோரில் வார்டுக்குச் சிலரையாவது நிரந்தரமாக்கி, டெங்கு, காசநோய்க் கண்காணிப்பில் ஈடுபடுத்த வேண்டும்.

- ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை