பாம்பன் வீட்டுக் கூரை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் 1976-லிருந்தே ஏழை வீடுகளுக்கு அரசு செலவில் சுவரிலும் பரணிலும் பஞ்சு அடைத்துக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது குளிருக்கு ஆன வைத்தியம். நம்ம கரையில் சித்திரை பிறக்கிற சமயம் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆவணியில் திரும்ப ஒரு தடவை. சுவரைவிடக் கூரைதான் வெயிலை வாங்குகிறது.

தங்கச்சிக்கு, வீடு கட்ட அரசு பணம் தருகிற கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஆணை வந்தது நல்ல சேதி. 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். பணம் வேலை ஏற ஏறக் கட்டம் கட்டமாக வரும். தளம் போட்டு முடிக்கிறதுக்குள் கை காலியாகிவிடும், மேலே ஒன்றும் செய்யாமல் மொட்டையாக விட்டுவிடுவார்கள். அந்தத் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, படுக்கிற நேரத்தில் கீழே கக்கும்.

பழைய முறைதான் உசத்தி: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3 அங்குலம் போட்டு, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது. எடை கூடும், அதனால் கம்பி கட்டுகிறதுக்கு முன்னாலேயே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். செலவு தாங்காது என்றால் வெள்ளையடிப்பதே போதும்.

300 சதுர அடிக்கு 25 கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பு, ஒரு கிலோ பெயிண்ட் பசை. முதல் நாள் சாயங்காலமே ஊறப்போடணும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், சூட்டில் நெளிந்துவிடும். காலையில் துணியில் வடிகட்டி, பசை கலந்து, ஈரத் தளத்தில் மூன்று கை பூசணும். ஒரு கை கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது வடக்கு தெற்காக. உச்சி வெயிலில் அடித்தால் பொடியாகக் கையோடு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி கரைந்துவிடும், வருஷா வருஷம் பங்குனியில் திரும்ப அடிக்க வேண்டியதுதான். வெப்பம் தடுக்கும் பெயிண்ட் என்றால் 20 லிட்டர் வாளி ஒன்று இரண்டு கைக்குத் தாராளம், சில வருஷம் தாங்கும். ஆனால் பழைய சுண்ணாம்பின் மேல் அது ஒட்டாது, சுரண்டி எடுக்கணும்.

நம்ம பக்கம் பெயிண்ட் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் உப்பும் ஓதமும். பெயிண்ட் அடிப்பதற்கு முந்தின நாள் இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி விடச் சொல். காலையில் தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் நின்றால் தளம் காயவில்லை, இன்னும் ஒரு வாரம் பொறு. கழுவுவது, கலப்பது எல்லாம் நல்ல தண்ணீரில். உவர் தண்ணீரில் தளத்தை நனைத்தால் கம்பி துருப்பிடித்து, சில வருஷத்தில் சீலிங் பெயர்ந்து தலையில் விழும். கம்பிக்குக் கீழே வைக்கிற கவர் பிளாக்கும் வழக்கமான 20 மில்லிமீட்டர் கனம் இங்கே பத்தாது.

தெர்மோகோல் சீலிங் யோசனையை விட்டுவிடு. எலி குடியேறும், தீப்பிடித்தால் மளமளவென்று பரவும். தளத்துக்கு மேல் பனையோலைப் பந்தல் குளிர்ச்சிதான், அதுவும் முதல் புயலோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்!

அப்புறம் மின்விசிறி. பழைய விசிறி 75 வாட். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தருகிற இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். மின்சாரம் குறைவாக இழுக்கிற 28 வாட் பிஎல்டிசி ரக விசிறி அதே நேரத்துக்கு 34 யூனிட்தான். சூரிய மின்தகட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மத்திய அரசு மானியம் இருக்கிறது. ஆனால் 100 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு அது வேலையற்ற வேலை.

ஜன்னல் குறைஞ்சது இரண்டு எதிரெதிரே இருக்கணும், ஒன்று தென்மேற்கில். கச்சான் காற்று அந்தப் பக்கம்தான் வரும். கொத்தனார் அங்கே கழிப்பறையை வைக்கப் பார்ப்பார், தங்கச்சியை விட்டுக்கொடுக்காமல் நிற்கச் சொல். தளம் போடுகிற தேதி முடிவானதும் எழுது, முந்தின நாள் போய்க் கவர் பிளாக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
சேது