ரெப்போ ரேட் நம்பர் மட்டும் போதாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். குரூப் 2-க்கு படிச்சிட்டு இருக்கேன், காலைல டீக்கடையில உங்க பேப்பர்ல முதல்ல பாக்குறதே நடப்பு நிகழ்வுகள் பகுதிதான். ஆனா அதுல ஒரு வரி செய்தியா மட்டும் போடுறீங்க, ரெப்போ ரேட் இவ்ளோன்னு, அவ்ளோதான்.

போன வருஷம் 180 ரூபா குடுத்து ஒரு கைடு வாங்குனேன், அதுல ரெப்போ 6.50 சதவீதம்னு இருந்துச்சு, அதையே மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். பாத்தா 2025 பிப்ரவரில 6.25, ஏப்ரல்ல 6, ஜூன்ல 5.50ன்னு ரிசர்வ் வங்கி குறைச்சிட்டே வந்திருக்கு. சரி, ஏன் குறைச்சாங்க? விலைவாசி ஏற்றம் தணிஞ்சதால, வளர்ச்சிக்கு கை குடுக்கலாம்னு. வங்கிங்க ரிசர்வ் வங்கிகிட்ட குறுகிய காலத்துக்கு வாங்குற கடனோட வட்டிதான் ரெப்போ, அது குறைஞ்சா அப்பா வீட்டுக்கடன் வட்டியும் மெதுவா இறங்கும், இத ரெண்டு வரி சேத்து எழுதுனா எந்த கேள்வி வந்தாலும் சமாளிச்சுடலாம்ல.

பிரிக்ஸ் நாடுகள் கூட்டமைப்பு பத்தின செய்தியும் அப்படித்தான். 2024 ஜனவரில எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் சேந்துச்சு, 2025ல இந்தோனேசியா. அழைப்பு வந்தும் அர்ஜென்டினா ஏன் வரலன்னா அங்க ஆட்சி மாறிடுச்சு, புதுசா வந்த அதிபர் மிலெய் வேணாம்னுட்டார், இதான் சார் ஞாபகத்துல நிக்கும் (எனக்கு நின்னுச்சு).

சந்திரயான்-3 இறங்குன தேதி 2023 ஆகஸ்ட் 23ன்னு எல்லாருக்கும் தெரியும், நிலாவோட தென் துருவம் பக்கம் ஏன் போனாங்கன்னு எங்க ஸ்டடி சர்க்கிள்ல கேட்டா பாதி பேர் முழிக்கிறாங்க. வாரத்துல ஒருநாளாவது அரைப்பக்கம் ஒதுக்கி விளக்கமா போடுங்க சார், ஞாயித்துக்கிழமை ராசிபலன் பக்கத்துல எடம் நெறைய இருக்கு.

- ஒரு வாசகர், திருச்சி